பக்கத்து இருக்கை: ஆடி ரேலி அணியின் கதையை வாசிக்கையில்

மோட்டார் பந்தயத்தில் பெண்கள் என்று தலைப்பிட்டு எழுதப்படும் எதைப் புரட்டினாலும் ஒரு தகவல் தவறாமல் வந்துவிடும். உலக ரேலி சாம்பியன்ஷிப் போட்டி ஒன்றை ஒரு பெண் கடைசியாக வென்றது 1982-இல். அதற்குப் பிறகு எந்தப் பெண்ணும் வென்றதில்லை. பெண்களுக்காகப் பேசுகிறவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். நாற்பது ஆண்டுகளாக நிலைமை மாறவில்லை என்று காட்டுவதற்கு இது வசதியாக இருக்கிறது.

ஆனால் இந்தத் தகவல் சரியில்லை. 1997-இல் மான்டே கார்லோ ரேலியை வென்ற சுபாரு காரில் இரண்டு பேர் இருந்தார்கள். பியரோ லியாட்டி, ஃபாப்ரிட்ஸியா போன்ஸ். போன்ஸ் பெண். 2022-இல் அதே ரேலியை வென்ற ஃபோர்டு காரிலும் இரண்டு பேர். செபாஸ்டியன் லோப், இசபெல் கால்மிஷ். கால்மிஷ் பெண். இருவரும் முதல் பரிசு மேடையில் ஏறியவர்கள். இருந்தும் நம் கணக்கில் அவர்கள் வருவதில்லை. காரணம் ஒன்றுதான்: அவர்கள் கையில் ஸ்டியரிங் இல்லை.

யாரை வென்றவர் என்று எண்ணுகிறோம், யாரை எண்ணாமல் விடுகிறோம் என்ற கேள்வியோடு ஓர் அணியின் வரலாற்றைப் படிக்கலாம் என்று தோன்றியது. ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட் நகரைச் சேர்ந்த ஆடி நிறுவனத்தின் ரேலி அணி, 1981 முதல் 1986 வரை. (தமிழில் எழுதினால் ஆடி மாதம் போலிருக்கும், வேறு வழியில்லை.) அந்த 1982-ஆம் ஆண்டு வெற்றி உட்பட, உலக ரேலி சாம்பியன்ஷிப்பில் பெண் ஓட்டுநர் ஒருவர் பெற்ற வெற்றிகள் நான்குமே இந்த அணியின் காரில் வந்தவை.

ரேலி பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது ஃபார்முலா ஒன் போல ஒரே தடத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டும் பந்தயம் இல்லை. மலைச்சாலை, காட்டுப்பாதை, பனி, மண், கல் என்று பொதுச்சாலைகளை அடைத்துவிட்டு, ஒவ்வொரு காரையும் தனித்தனியாக அனுப்பி, எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். நாம் பேசும் காலத்தில் ஒரு ரேலி பல நாள், பல இரவு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளும். காரில் எப்போதும் இரண்டு பேர்.

ஆடி அணியின் கதையை எங்கே படித்தாலும் அது ஒரு இயந்திரத்தின் பிறப்பில்தான் தொடங்குகிறது. 1977 குளிர்காலத்தில் பொறியாளர் யோர்க் பென்ஸிங்கர் பின்லாந்துப் பனியில் கார்களைச் சோதித்துக்கொண்டிருக்கிறார். கூடவே ஃபோல்க்ஸ்வாகன் ராணுவத்துக்காகச் செய்த இல்டிஸ் என்ற ஜீப்பும் ஓடுகிறது. சக்தி குறைந்த அந்த வண்டி, நான்கு சக்கரங்களும் இழுப்பதால், மற்ற கார்களைப் பனியில் பின்னுக்குத் தள்ளுகிறது. இதைச் சாதாரணக் காருக்குக் கொண்டுவந்தால் என்ன? தொழில்நுட்பத் தலைவர் ஃபெர்டினாண்ட் பியெக் அனுமதிக்கிறார், வால்டர் ட்ரேஸர் திட்டத்தை நடத்துகிறார். 1980 மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சியில் குவாட்ரோ அறிமுகமாகிறது. குவாட்ரோ என்றால் இத்தாலிய மொழியில் நான்கு.

இந்தக் கதையில் தந்தையர் நிறைய. குவாட்ரோவின் தந்தை யார் என்பதில் சிறு சண்டையே உண்டு. ஆடியின் விளம்பர வாசகம் 1970-களின் தொடக்கத்திலிருந்தே தொழில்நுட்பத்தால் முன்னேறுவதைப் பற்றியது. நிறுவனம் விற்றது அதைத்தான். அதனால் அணியின் வரலாறும் அந்த வாசகத்துக்கு எழுதிய உரைபோல ஆனது: இயந்திரம் வந்தது, உலகம் மாறியது. வென்றது இயந்திரம் என்று ஒரு நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதில் வியப்பில்லை. விற்பனைக்கு இருப்பது அதுதானே. அந்த விளம்பரத்தை வரலாறாக எடுத்துக்கொண்டவர்கள், ஓட்டுநர் பெண்ணாக இருக்கும்போது மட்டும் அதை இரட்டிப்பு உறுதியோடு நம்பினார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

மிஷேல் மூட்டோன் 1951-இல் தெற்கு பிரான்சின் கிராஸ் நகரில் பிறந்தவர். வாசனைத் திரவியத்துக்குப் பேர்போன ஊர். குடும்பத்துக்கு ரோஜாவும் மல்லிகையும் விளையும் நிலம் இருந்தது. கிராஸின் பூந்தோட்டங்களில் விடியற்காலையில் குனிந்து பூப்பறித்தவர்கள் பெரும்பாலும் கூலிப் பெண்கள். (இன்று அந்தத் தொழிலுக்கான ஜாதிமல்லிச் சாற்றில் ஒரு பங்கு தமிழ்நாட்டு வயல்களிலிருந்து போகிறது, பறிப்பவர்கள் இங்கேயும் பெண்கள்.) தோட்டத்தில் பறித்தவர்களின் மகளும் தோட்டக்காரரின் மகளும் ஒரே இடத்திலிருந்து கிளம்பவில்லை. மூட்டோனின் துணிச்சலைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பின்னணியை ஓரிரு சொற்களில் தாண்டிவிடுகிறார்கள். அது அவர் திறமையைக் குறைத்துவிடாது. ரேலி என்ற விளையாட்டில் நுழையவே எவ்வளவு பணம் வேண்டும் என்பதை அது சொல்லும், அவ்வளவுதான்.

அவர் முதலில் உட்கார்ந்தது பக்கத்து இருக்கையில். 1972-இல் நண்பர் ழான் தாய்பியோடு, அவருக்கு இணை ஓட்டுநராக, ரேலி உலகுக்குள் வந்தார். பெண்ணுக்கு எளிதில் கிடைத்த இருக்கை அது. பிறகு அப்பா ஒரு நிபந்தனை வைத்தார்: ரேலிதான் வேண்டுமென்றால் ஓட்டு; கார் வாங்கித் தருகிறேன், ஓர் ஆண்டு அவகாசம், அதற்குள் உன்னை நிரூபி. வாங்கித் தந்தது ஆல்பைன் ரெனோ. நிரூபித்தபோது என்ன நடந்தது என்று பாருங்கள். ஓடத் தொடங்கிய ஆரம்ப காலத்திலேயே அவருடைய நேரங்களைப் பார்த்துவிட்டு, அந்தக் காரில் ஏதோ விசேஷ இன்ஜின் இருக்கிறது என்று வதந்தி கிளம்பியது. காரைப் பிரித்துப் பரிசோதித்தார்கள். எல்லாம் விதிப்படியே இருந்தது.

இது ஆடிக்கு ஏழு ஆண்டுகள் முந்தைய கதை. குவாட்ரோ அப்போது யாருடைய கனவிலும் இல்லை. பெண் வேகமாகப் போனால் இன்ஜினைத் திறந்து பார் என்ற பழக்கம் மட்டும் ஏற்கெனவே இருந்தது.

ரேலிகளில் அன்று பெண்களுக்கென்று தனிக் கோப்பை உண்டு. பெண்களுக்குள் முதலில் வந்தவருக்குக் கொடுப்பது. பொதுப் பட்டியலில் பெண்ணின் இடம் என்ன என்று யாரும் பார்க்க வேண்டிய அவசியத்தை அந்தக் கோப்பை இல்லாமலாக்கியது. மூட்டோன் 1974, 1975 இரண்டு ஆண்டும் ஐரோப்பியப் பெண்கள் பட்டத்தை வென்றார். 1975-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் மரியான் ஹோஃப்னர், கிறிஸ்டின் டாக்ரெமோன் இருவருடன் சேர்ந்து இரண்டு லிட்டர் பிரிவை வென்றார். பிறகு ஃபியட்டின் பிரெஞ்சு அணி. 1978-இல் பிரான்ஸ் கார் சுற்றுப் பந்தயத்தில் ஒட்டுமொத்த முதலிடம். 1980-இல் ஆடி அழைத்தபோது அவர் வயது இருபத்தொன்பது. எட்டு ஆண்டு ரேலி அனுபவம்.

ஆடி ஏன் அழைத்தது? வேகமான ஓட்டுநர் என்பது ஒரு காரணம். செய்தியாவார் என்பது இன்னொரு காரணமாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். புதிய, சிக்கலான, கனமான ஒரு காரை ஒரு பெண் ஓட்டிக் காட்டினால் அதைவிட நல்ல விளம்பரம் ஏது? 'பெண்ணே ஓட்டிவிட்டாள் பார்' என்ற விளம்பரத்தின் மறுபக்கம், 'பெண்கூட ஓட்டக்கூடிய வண்டி' என்பது. முதலாவதைச் சொல்லும்போதே இரண்டாவதும் காதில் விழுந்துவிடுகிறது. அணியில் மூட்டோனுக்கு உண்மையான இடம் இருந்தது. அவருடைய ஒவ்வொரு வெற்றியையும் அரித்துத் தின்னும் விளக்கமும் அந்த இடத்தோடு சேர்ந்தே வந்தது.

1981 அக்டோபரில் இத்தாலியின் சான்ரெமோ ரேலி. மூட்டோனும் ஃபாப்ரிட்ஸியா போன்ஸும். டஸ்கனியின் மண்பாதைகளில் முன்னிலை பிடித்தார்கள். பிறகு தார்ச்சாலைகளில் ஆரி வட்டனன் நெருங்கி நெருங்கி வந்தார். கடைசி இரவில் அவர் தன் காரை இடித்துக்கொண்டார். ஹென்றி டோய்வோனன் இரண்டாவது. உலக ரேலி சாம்பியன்ஷிப் போட்டியில் ஒரு பெண் ஓட்டுநர் வென்றது அதுவே முதல்முறை.

அடுத்த ஆண்டை அதன் எண்களோடு படிப்பது நல்லது. எல்லோரும் சாய்ந்துகொள்ளும் விளக்கம் அங்கேதான் ஆட்டம் காண்கிறது.

1982-இல் ஓர் ஓட்டுநரின் சிறந்த ஏழு முடிவுகள் மட்டும் கணக்கில் சேரும். முதலிடத்துக்கு 20 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 15, மூன்றாமிடத்துக்கு 12, நான்காமிடத்துக்கு 10. மூட்டோன் போர்ச்சுகல், கிரீஸின் அக்ரோபோலிஸ், பிரேசில் மூன்றையும் வென்றார். பிரிட்டனில் இரண்டாவது, சான்ரெமோவில் நான்காவது. மொத்தம் 97 புள்ளிகள். அதே அணியில், அதே குவாட்ரோவில், அணியின் முதன்மை ஓட்டுநரான ஹன்னு மிக்கோலா எடுத்தது 70. மிக்கோலா சாதாரண ஆள் இல்லை; மறு ஆண்டே உலகச் சாம்பியன். அவருக்கும் அந்த ஆண்டு கெட்ட காலம் இருந்தது என்பது உண்மை. ஆனால் வெற்றிக்கு இயந்திரமே போதும் என்றால், அந்த இயந்திரம் மிக்கோலாவுக்கு ஏன் போதவில்லை?

குவாட்ரோவை ஓட்டுவது ஏதோ சொகுசு வேலை என்ற எண்ணமும் தவறு. ஐந்து சிலிண்டர் இன்ஜின் முன் அச்சுக்கும் முன்னால் தொங்கும். மூக்கு கனத்த வண்டி. வளைவில் நேராகப் போகவே பார்க்கும். டர்போ, காலை அழுத்திய பிறகு கொஞ்சம் யோசித்துத்தான் வேலை செய்யும். ஆக, வளைவு வருமுன்பே, சாலை கண்ணில் படுமுன்பே முடிவெடுக்க வேண்டும்.

எதிரணியில் ஓப்பல் அஸ்கோனா. பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் பழைய முறைக் கார். ஓட்டியவர் ஜெர்மனியின் வால்டர் ரோர்ல். அவர் 109 புள்ளிகளோடு சாம்பியன் ஆனார். இரண்டு சக்கர இழுவையில் நான்கு சக்கரத்தை வென்ற மேதை என்று அவர் புகழப்பட்டார், நியாயமாகவே. அதாவது ரோர்ல் வென்றால் வென்றது ரோர்ல். மூட்டோன் வென்றால் வென்றது நான்கு சக்கரம். ஒரே ஆண்டில், ஒரே போட்டித் தொடரில் இரண்டு அளவுகோல். மிக்கோலாவிடம் தோற்று இரண்டாமிடம் வந்திருந்தாலும் ஏற்றிருப்பேன், மூட்டோனிடம் தோற்பதை ஏற்க முடியாது, அவர் பெண் என்பதால் என்று ரோர்ல் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. அவருடைய திறமையைச் சந்தேகிக்கவில்லை என்றும் அதிலேயே சேர்த்துச் சொன்னார். எனக்கு இதில் அந்தச் சேர்ப்புதான் முக்கியமாகப் படுகிறது. திறமை ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகும் தடை அப்படியே நிற்கிறது. பெண்கள் திறமையை நிரூபித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நமக்குச் சொல்லப்படும் அறிவுரையின் கதி இதுதான்.

பட்டம் நழுவிய இடம் ஐவரி கோஸ்ட். ஆண்டின் கடைசிக்கு முந்தைய ரேலி, சுமார் ஐயாயிரம் கிலோமீட்டர். புறப்படும் வேளையில் மூட்டோனின் அப்பா புற்றுநோயால் இறந்த செய்தி வந்தது. அவர் ஓட்டினார். பெரிய இடைவெளியில் முன்னிலையில் இருந்தார். கியர்பாக்ஸ் கோளாறு வந்து அந்த இடைவெளியைத் தின்றது. அதன் பிறகு, மூடுபனியில், கார் கவிழ்ந்தது. ரோர்ல் வென்றார்.

இந்தக் கட்டத்தைச் சொல்லாத எழுத்து இல்லை. எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் விஷயம். அப்பா இறந்த துக்கத்தில் மகள் பட்டத்தை இழந்தாள். கண்ணீர் வரவைக்கும் கதை. கியர்பாக்ஸ் இந்தக் கதையில் ஓர் ஓரத்தில், பெயருக்கு வந்துபோகும். நியூசிலாந்தில் அதே ஆண்டு இயந்திரக் கோளாறு அவரை வெளியே தள்ளியது அதுகூட வராது. ஐவரி கோஸ்டில் அவர் வென்று ரோர்ல் இரண்டாவதாக வந்திருந்தால், பிரிட்டனில் பின்னர் எடுத்த புள்ளிகளையும் சேர்த்து, மூட்டோனுக்கு 113, ரோர்லுக்கு 104. காகிதத்தில் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஆக, வெற்றிகளை இயந்திரத்தின் கணக்கில் எழுதினார்கள். இயந்திரம் உடைந்ததால் வந்த தோல்வியை அவளுடைய மனதின் கணக்கில் எழுதினார்கள். நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் இந்த இரட்டைக் கணக்கேடு பழக்கமானதுதான். வேலை நன்றாக முடிந்தால் ஏற்பாடு நன்றாக இருந்தது. சொதப்பினால், அவளுக்கு வீட்டில் ஏதோ பிரச்சினை.

ஆடி அந்த ஆண்டு தயாரிப்பாளர் பட்டத்தை 116-க்கு 104 என்று ஓப்பலிடமிருந்து பறித்தது. மூட்டோனின் மூன்று வெற்றிகள் இல்லாமல் அது நடந்திருக்காது. 1983-இலும் மூட்டோன் முழு ஆண்டு ஓட்டினார், ஐந்தாமிடம். 1984-இல் ஆடி யாரைக் கூட்டிவந்தது தெரியுமா? ரோர்லை. வந்த வேகத்தில் மான்டே கார்லோவை வென்றார். அந்த ஆண்டு ஸ்டிக் ப்ளோம்க்விஸ்ட் உலகச் சாம்பியன். மூட்டோனுக்குச் சில ரேலிகள் மட்டும். சுவீடன் பனியில் ப்ளோம்க்விஸ்டுக்கு அடுத்து இரண்டாமிடம் வந்தார். நான்கு சக்கர இழுவைக் காருக்கு ரோர்ல் மாறிய பிறகு அவருடைய வெற்றி வண்டியால் வந்தது என்று யாரும் எழுதிப் படித்த நினைவு எனக்கில்லை.

1985-இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயத்தில் மூட்டோன் 11 நிமிடம் 25.39 விநாடியில் சாதனை படைத்தார். அங்கே ஒட்டுமொத்த வெற்றி பெற்ற முதல் பெண். அடுத்த ஆண்டே அந்தச் சாதனையை பாபி அன்சர் முறியடித்தார். அவர் ஓட்டியதும் ஆடி. நிறுவனத்துக்கு இரண்டு செய்தியும் லாபம்.

இனி பக்கத்து இருக்கைக்கு வருவோம்.

நம் சாலைகளில் கணவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து "லாரி வருது, பார்த்து" என்று சொல்லும் மனைவி ஒரு நிரந்தரக் கேலிச்சித்திரம். பின்சீட்டில் இருந்துகொண்டு வண்டி ஓட்டுகிறாள் என்பார்கள். ரேலியில் அந்தக் குரல் இல்லையென்றால் கார் முதல் கிலோமீட்டரில் பள்ளத்தில் கிடக்கும்.

போட்டிக்கு முன்னால் இருவரும் அதே சாலையில் நிதானமாக ஓட்டிப் பார்ப்பார்கள். எந்த வளைவு எவ்வளவு கூர்மை, எந்த மேட்டுக்கு அப்பால் சாலை எந்தப் பக்கம் திரும்புகிறது, எங்கே கல், எங்கே குறுகிய பாலம் என்று ஓட்டுநர் சொல்லச் சொல்ல, இணை ஓட்டுநர் சுருக்கெழுத்துப் போன்ற குறிகளில் எழுதிக்கொள்வார். போட்டியன்று, இருட்டில், மழையில், உலுக்கி எடுக்கும் காரில், ஓட்டுநரின் காதுக்குள் அதை வாசிக்க வேண்டும். முந்திச் சொன்னால் நினைவில் நிற்காது. பிந்திச் சொன்னால் வளைவு போய்விட்டது. வரி தப்பினால் இருவருக்கும் சேர்த்து ஆபத்து. அது போக நேர அட்டை, எரிபொருள் கணக்கு, அடுத்த கட்டுப்பாட்டு நிலையத்துக்குச் சொன்ன நிமிடத்தில் போய்ச் சேர்வது, தேவைப்பட்டால் இறங்கி டயர் மாற்றுவது. முந்திப் போனாலும் அபராதம், பிந்திப் போனாலும் அபராதம். இல்லத்தரசிகளுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

ஆடி என்ற பெயரே லத்தீன் மொழியில் 'கேள்' என்ற ஏவல். நிறுவனர் ஹோர்க்கின் பெயருக்கு ஜெர்மனில் அந்தப் பொருள் வருவதால் அதை மொழிபெயர்த்து வைத்தார்கள். அணியின் வரலாற்றில் யாருக்கும் அந்த ஏவல் கேட்டதாகத் தெரியவில்லை. 1981 முதல் மூட்டோனின் நான்கு வெற்றிகளிலும் வாசித்த குரல் ஃபாப்ரிட்ஸியா போன்ஸுடையது. டூரின் நகரத்துப் பெண். சான்ரெமோவில் வென்றது ஒரு பெண் என்று எழுதுகிறார்கள். வென்றது இரண்டு பெண்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஆண் இணை ஓட்டுநர்களையும்தானே உலகம் மறக்கிறது? மிக்கோலாவுக்கு வாசித்த ஆர்னே ஹெர்ட்ஸை யாருக்குத் தெரியும்? சரிதான். அந்த இருக்கைக்கே புகழ் குறைவு. ஆனால் புகழ் ஒரு பக்கம். அந்த இருக்கையிலிருந்து எழுந்து எங்கே போக முடிந்தது என்று பாருங்கள். போன்ஸ் சான்ரெமோவை வென்ற அதே 1981-இல் உலகச் சாம்பியன் ஆனவர் வட்டனன். அவருக்கு இணை ஓட்டுநர் டேவிட் ரிச்சர்ட்ஸ். இரண்டாமிடம் வந்த கீ ஃப்ரெக்லானுக்கு இணை ஓட்டுநர் ழான் டோட். டோட் அந்த ஆண்டின் முடிவிலேயே இருக்கையை விட்டு எழுந்து பெஜோ அணியின் இயக்குநர் ஆனார். பிறகு ஃபெராரி அணியின் தலைவர். 2009-இல் உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்ஐஏ-வின் தலைவர். ரிச்சர்ட்ஸ் 1984-இல் ப்ரோடிரைவ் நிறுவனத்தைத் தொடங்கினார். சுபாருவின் உலக ரேலி அணியை நடத்தியது அந்த நிறுவனம்.

1997-இல் போன்ஸ் மான்டே கார்லோவை வென்றது ரிச்சர்ட்ஸின் அந்த அணியில். பதினாறு ஆண்டுகளுக்கு முன் ஒரே மாதிரி இருக்கையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர். ஒருவர் அணியின் உரிமையாளர். இன்னொருவர் அதே இருக்கையில். போன்ஸ் விரும்பித்தான் அங்கே இருந்திருக்கலாம். அந்த வேலையை அவர் நேசித்திருக்கலாம். அவர் மனதை நான் எழுதவில்லை. அந்த இருக்கை ஆண்களுக்கு எதற்குப் பயிற்சிக் களமாக எண்ணப்பட்டது, பெண்களுக்கு எதற்கு என்பதைத்தான் கேட்கிறேன். திட்டமிடல், நேரக் கணக்கு, மனிதர்களைச் சமாளிப்பது என்று இணை ஓட்டுநரின் திறமைகளை விவரித்து, அதனால்தான் டோட் சிறந்த நிர்வாகி ஆனார் என்பார்கள். அதே திறமைகள் பெண்ணிடம் இருந்தால் அவள் நல்ல துணை.

பெண்ணிய எழுத்திலும் இந்த ஓட்டை உண்டு. 1960-இல் பாட் மாஸ், லியேஜ்–ரோம்–லியேஜ் ரேலியை ஒட்டுமொத்தமாக வென்றார். ஐரோப்பாவின் மிகக் கடுமையான ரேலிகளில் ஒன்று அது. பாட் மாஸ் என்று சொல்லும்போது, பந்தய வீரர் ஸ்டிர்லிங் மாஸின் தங்கை என்று சேர்த்துச் சொல்வார்கள். அது நமக்கு எரிச்சல் ஊட்டும். அந்தக் காரில் பக்கத்தில் ஆன் விஸ்டம் இருந்தார் என்பதைச் சொல்லாமல் விடும்போது எரிச்சல் வருவதில்லை. ஒரு நாயகியைக் கண்டுபிடித்து நிறுத்துகிற அவசரத்தில், ஓட்டுபவரே எல்லாம் என்ற பழைய அளவுகோலைக் கேள்வி கேட்காமல் கையில் எடுத்துக்கொள்கிறோம்.

பட்டப்பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்திரிகைகள் மூட்டோனுக்கு 'கறுப்பு எரிமலை' என்று பெயரிட்டன, அவருடைய கருங்கூந்தலையும் கோபத்தையும் சேர்த்து. 2021-இல் வந்த ஆவணப்படத்தின் பெயர் 'குயின் ஆஃப் ஸ்பீட்'. எரிமலை அல்லது ராணி. இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. எரிமலைக்குக் கணக்கு தெரியாது. ராணி எப்போதும் ஒருத்திதான். மிக்கோலாவை யாரும் வேகத்தின் ராஜா என்று அழைத்து ஒரு தனிப் பீடத்தில் ஏற்றவில்லை. அவர் ஓர் அணியின் ஓட்டுநர், அவருக்கு முன்னும் பின்னும் ஒரு வரிசை உண்டு. ராணிக்கு வரிசை இல்லை. அவர் வந்தார், வென்றார், போனார். மறுபடி யாரும் வரவில்லை என்றால் அது இயல்புதானே?

'ரேஸ் ஃபார் குளோரி' என்ற திரைப்படமும் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் ஆடி–லான்சியா மோதல் கதை. லான்சியா பின் சக்கர இழுவைக் காரை வைத்துக்கொண்டு அந்த ஆண்டின் தயாரிப்பாளர் பட்டத்தை ஆடியிடமிருந்து பறித்தது. கதைக்குப் பொருத்தமான ஆண்டுதான். படம் அதை இரண்டு அணித் தலைவர்களின் மோதலாகக் கட்டுகிறது: இத்தாலியின் தந்திரசாலி சேஸரே ஃபியோரியோ, ஜெர்மனியின் ரோலண்ட் கும்பர்ட். முன்பு இயந்திரம் நாயகனாக இருந்தது, இப்போது மேலாளர்கள். ஆடி அணியின் வரலாற்றில் எந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்துப் படமெடுப்பது என்பதிலேயே பாதி விமர்சனம் அடங்கிவிடுகிறது. ஓர் ஆண்டு பின்னால் போயிருந்தால் முதன்மைப் பாத்திரங்கள் இரண்டு பெண்களாக இருந்திருப்பார்கள்.

குரூப் பி என்ற அந்த அதிசக்தி வாய்ந்த கார்களின் காலம் சாவுகளோடு முடிந்தது. 1986-இல் போர்ச்சுகலில் ஒரு ஃபோர்டு கார் பார்வையாளர்கள் மீது பாய்ந்தது; ஆடி விலகிக்கொண்டது. மே மாதம் கோர்சிகாவில் டோய்வோனனும், அவருக்கு வாசித்த செர்ஜியோ கிரெஸ்டோவும் எரிந்து இறந்தார்கள். கிரெஸ்டோவின் பெயரையும் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். மூட்டோன் அந்த ஆண்டு பெஜோவுக்காக ஓட்டி ஜெர்மன் ரேலிப் பட்டத்தை வென்றுவிட்டு ஓய்வுபெற்றார். பின்னர் டோய்வோனன் நினைவாக 'ரேஸ் ஆஃப் சாம்பியன்ஸ்' போட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஆனார். 2010-இல் எஃப்ஐஏ-வின் பெண்கள் ஆணையத்துக்கு முதல் தலைவர் ஆனார்.

2022 ஜனவரியில் மான்டே கார்லோவில் லோப் வென்றபோது வந்த செய்திகள் இரண்டு எண்களைச் சுற்றி இருந்தன. அது அவருடைய எண்பதாவது வெற்றி. அவர் வயது நாற்பத்தேழு, உலக ரேலி வரலாற்றில் வென்றவர்களிலேயே மூத்தவர். பக்கத்தில் இருந்த இசபெல் கால்மிஷ் பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுப்பவர். போன்ஸுக்குப் பிறகு, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, இந்தத் தொடரில் ஒரு ரேலியை வென்ற பெண்.